வாரம் ஒரு குடம்

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை தண்ணிய மொத்தமா கொட்டிடுங்க சார். கல்லை எல்லாம் சோப்புத்தூள் போட்டு நல்லா கழுவிட்டு புதுத் தண்ணி விடுங்க. மீன் ஜம்முனு இருக்கும்."

பேரனுக்கு மீன்தொட்டி வாங்கிய அன்று கடைக்காரப் பையன் சொன்ன உபதேசம் இது. கடை பெயர் வேண்டாம். ஏனென்றால் எந்த ஊர்க் கடையில் கேட்டாலும் அநேகமாக இதையேதான் சொல்கிறார்கள். நான் ஆயுசில் பாதியை அரசாங்க ஆபீசில் கோப்பு கட்டியே கழித்தவன். மேலே இருந்து உத்தரவு வந்தால் ஏன் என்று கேட்காமல் அமல்படுத்துவது ரத்தத்தில் ஊறிய பழக்கம். அப்படியே செய்தேன். ஞாயிறு காலை காபி குடித்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியைக் கவிழ்த்து, கூழாங்கல்லை அரிசி களைவது போலக் களைந்து, கண்ணாடியைப் பளபளவென்று துடைத்து, மாடித் தொட்டிக் குழாய்த் தண்ணீரை நிரப்பினேன். பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் இரண்டு மீன் மல்லாந்து மிதந்தன.

பேரனுக்கு அப்போது ஏழு வயது. "தாத்தா, நான் நேத்து ரொம்ப சாப்பாடு போட்டுட்டேனா?" என்று கேட்டான். நாலு மாதத்தில் இருபத்திரண்டு மீன் செத்தன. கணக்கு நோட்டில் தேதிவாரியாக எழுதி வைத்திருக்கிறேன். அந்த இருபத்திரண்டில் ஒன்றையும் அவன் கொல்லவில்லை, நான்தான் கொன்றேன் என்று புரிய எனக்கு அந்த நாலு மாதமும் ஆயிற்று. ஆனால் அவன் அந்த நாலு மாதமும் தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். கடைக்காரர் மேல் பாதி, என் மேல் பாதி.

பக்கத்து வீட்டு அம்மா வேறு ஆறுதல் சொல்ல வந்தார். "விடுங்க, உங்க வீட்டுக்கு வந்த திருஷ்டியை அது வாங்கிட்டுப் போயிடுச்சு." எட்டு தங்கமீன், ஒரு கறுப்பு மீன், ஆக ஒன்பது. வாஸ்துப்படி வைத்தால் வீட்டுக்கு வரும் கெடுதலை மீன் ஏற்றுக்கொண்டு சாகும் என்று ஒரு நம்பிக்கை இப்போது தெருவுக்குத் தெரு பரவியிருக்கிறது. ஒன்று செத்தால் உடனே இன்னொன்று வாங்கி எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேண்டுமாம். கடைக்காரருக்கு இதைவிட நல்ல சாஸ்திரம் கிடைக்குமா? குளோரினில் வெந்து செத்த மீனுக்குத் தியாகி பட்டம் கொடுத்துவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்குகிறோம். நான் கோயிலுக்குப் போகிறவன்தான், நாத்திகம் பேசவில்லை. ஆனால் என் முட்டாள்தனத்துக்கு திருஷ்டி என்று பெயர் வைக்க எனக்கு இஷ்டமில்லை.

இது ஒரு கட்சி. எதிர்க்கட்சி ஒன்று இருக்கிறது. காலை நடையில் என்னோடு வரும் நண்பர் அந்தக் கட்சி. பரம்பரை நெசவுக் குடும்பம், என்னைவிட நாலு வயது பெரியவர். "ஏன் சார் மாத்தறீங்க? சர்வதீர்த்தக் குளத்துல யாரு வாராவாரம் தண்ணி மாத்தறாங்க? பொரி போட்டா மீன் எப்படித் துள்ளுது பார்த்தீங்கல்ல? சின்ன காஞ்சிபுரத்துல அத்திவரதரு 79-ல உள்ள போனாரு, 2019-லதான் வெளிய வந்தாரு. நாப்பது வருஷம். அனந்தசரஸ்ல மீன் இல்லாமலா இருந்துது?" என்றார்.

கேட்கும்போது மறுக்க முடியாத வாதம் மாதிரி இருக்கும். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அந்த நாற்பத்தெட்டு நாளும் ஊர் பட்ட பாட்டை நாம் எல்லாரும் பார்த்தோம். அதற்கு முன்னால் குளத்தை இறைத்ததையும் பார்த்தோம். ஆனால் நண்பர் ஒன்றை மறக்கிறார். குளத்துக்கு மழை என்று ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் அவர் புதுத் தண்ணீரைக் கொண்டுவந்து பழசோடு கலந்துவிட்டுப் போகிறார். அடியில் சேறு இருக்கிறது, பாசி இருக்கிறது, வெயில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மீனுக்கு எத்தனை ஆயிரம் குடம் தண்ணீர் என்று கணக்குப் பார்க்க வேண்டும். என் வீட்டுத் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஒரு கன அடி 28 லிட்டர் சொச்சம். கல்லும் மேல் இடைவெளியும் போனால் 48 லிட்டர்தான் தேறும். அதில் ஒன்பது மீன். குளத்து நியாயத்தை இங்கே பேசுவது, திருவிழாக் கூட்டத்துக்குச் சமைக்கிற கணக்கை இருவர் வீட்டு அடுப்பில் பேசுவது போல. அதுவும் குளத்திலேயே கோடையில் தண்ணீர் இறங்கினால் என்ன ஆகிறது? மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் குளத்தில் மீன்கள் செத்து மிதந்த படத்தைப் பத்திரிகையில் ஒரு தடவையா பார்த்திருக்கிறோம்?

இனி உண்மை என்ன என்று சொல்கிறேன். இது நானாகக் கண்டுபிடித்ததல்ல. படித்துத் தெரிந்துகொண்டது.

மீன் கழிவில் முக்கியமானது அம்மோனியா. சாணியில் மட்டும் இல்லை, செவுள் வழியாகவே அதை மூச்சுவிடுவது போல வெளியே விடுகிறது. தின்னாமல் மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியாதான். அது விஷம். தண்ணீர் ஸ்படிகம் மாதிரி இருக்கும்போதே விஷம் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இந்த அம்மோனியாவைத் தின்று பிழைக்கும் ஒரு வகை நுண்ணுயிர் இருக்கிறது. அது அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை, கொஞ்சம் சேர்ந்தாலும் மீன் தாங்கும். செடிக்கு அது உரம்.

இந்த நுண்ணுயிர்கள் எங்கே குடியிருக்கின்றன என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தண்ணீரில் மிதந்துகொண்டு இல்லை. கூழாங்கல் மேல், வடிகட்டியின் பஞ்சில், கண்ணாடியில் வழவழவென்று ஒரு படலமாக ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. புதுத் தொட்டியில் அவை குடியேறிப் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். நான் ஞாயிறுதோறும் சோப்புத்தூள் போட்டுக் கழுவியது அழுக்கை அல்ல, அந்தக் குடித்தனத்தை. வாராவாரம் குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஏன் யாரும் குடியேறவில்லை என்று கேட்டால்?

மண்ணில் நடக்கும் இந்த வேலை உயிருள்ளவற்றின் வேலை என்று முதலில் காட்டியவர்கள் பிரான்சில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இரண்டு பேர், 1877-ல். சாக்கடைத் தண்ணீரை மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய் வழியே மெதுவாக வடியவிட்டார்கள். மூன்று வாரம் வரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அம்மோனியா குறைந்து நைட்ரேட் வர ஆரம்பித்தது. குளோரோபார்ம் ஆவியை உள்ளே விட்டார்கள், வேலை சட்டென்று நின்றது. உயிர் இருந்தால்தானே மயக்கம் வரும்! சின்ன வயதில் பாடமெல்லாம் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் இந்த மாதிரிச் சமாசாரம் அந்த மொழியில் கண்ணில் பட்டால் விடமாட்டேன். வேறு எதற்கும் உதவாத படிப்பு இந்த வயதில் மீனுக்கு உதவியது.

மீன்தொட்டியே பிரெஞ்சுக்காரி ஒருத்தி கொடுத்த சொத்து என்றால் நம் ஊர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். ழான் வில்ப்ரே-பவர் என்று பெயர். கிராமத்துப் பெண், பாரிசுக்கு வந்து தையல்கடையில் சேர்ந்தவள். 1816-ல் பெர்ரி பிரபுவை மணந்த இளவரசியின் கல்யாண உடைக்குப் பூவேலை செய்து பெயர் வாங்கினாள். முகூர்த்தப் புடவைக்குப் பெயர்போன ஊரில் இருந்துகொண்டு நான் இதைச் சொல்லாமல் விடலாமா! பிறகு கல்யாணமாகி சிசிலித் தீவுக்குப் போனவள், ஆர்கொனாட் என்ற கடல் உயிரி தன் ஓட்டைத் தானே செய்துகொள்கிறதா, திருடிக்கொள்கிறதா என்று பார்க்க 1832-ல் கண்ணாடித் தொட்டி செய்து அதை உயிரோடு வைத்துப் பார்த்தாள். தானே செய்துகொள்கிறது என்று நிரூபித்தாள். உயிரோடு வைத்துப் பார்க்கத்தான் தொட்டி. செத்தால் வேறு வாங்கிப் போட அல்ல.

நெசவு என்றதும் நினைவு வருகிறது. என் நண்பரை நான் மடக்கியதும் அவர் தொழிலை வைத்துத்தான். "தறியில ஒரு பாவு முடிஞ்சா என்ன பண்றீங்க? அச்சு, விழுது எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டு முதல்லேருந்தா ஆரம்பிக்கறீங்க?" என்று கேட்டேன். சிரித்தார். பழைய பாவின் நுனி அச்சிலேயே நிற்க, புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக அதனோடு முறுக்கி இணைத்து இழுப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை, விரல் தேயும் வேலை. ஆனால் தறி தன் நிலையை விடாது. தொட்டியும் அப்படியே. பழசில் பெரும்பகுதி நிற்கவேண்டும், புதுசு அதனோடு இணையவேண்டும்.

எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒரு முறை? இங்கே நான் குமாஸ்தா. ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு என்று போட்டுப் பார்த்தேன். ஒரு வாரத்தில் சேரும் கழிவை ஒரு படி என்று வைத்துக்கொள்வோம். வாராவாரம் கால்பங்கு தண்ணீரை மாற்றினால் இருப்பில் கால்பங்கு கழிவும் வெளியே போகும். முதலில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், பிறகு நாலு படிக்கு மேல் ஏறவே ஏறாது. ஏன்? நாலில் கால்பங்கு ஒன்று. வந்ததும் ஒன்று, போனதும் ஒன்று. சரி, சோம்பேறித்தனமாக மாதம் ஒரு தடவை பாதித் தண்ணீர் மாற்றுகிறேன் என்றால்? மாதத்துக்கு வரவு நாலு படி, போவது பாதி. எட்டு படி வரை ஏறும். இரண்டு மடங்கு. அதுவும் மாற்றும் அன்று எட்டிலிருந்து நாலுக்கு ஒரே நாளில் விழும். மீனுக்கு அந்த ஏற்ற இறக்கமே ஒரு நோய். வாரம் பத்தில் ஒரு பங்கு மட்டும் என்றால் பத்து படியில் போய் நிற்கும். மாற்றவே இல்லை என்றால் நிற்காது, ஏறிக்கொண்டே போகும். நண்பர் கட்சி அங்கே தோற்கிறது.

48 லிட்டரில் கால்பங்கு 12 லிட்டர். தளும்பாமல் பிடித்த ஒரு பிளாஸ்டிக் குடம். வாரம் ஒரு குடம், அவ்வளவுதான். மீன் குறைவாக, செடி அதிகமாக இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு குடம்கூடப் போதும். தங்கமீன் பெருந்தீனிக்காரன், கழிவும் அதிகம், அதற்கு வாரம் தவறக் கூடாது. மேலே இருந்து மொண்டு எடுக்காமல், ஒரு ரப்பர் குழாயை வைத்துக் கல்லுக்கு அடியில் படிந்ததை உறிஞ்சி எடுக்க வேண்டும். வடிகட்டிப் பஞ்சை அந்த எடுத்த தண்ணீரிலேயே அலசிப் பிழிந்து திரும்ப வைக்க வேண்டும். குழாயடியில் காட்டக் கூடாது, சோப்பு வாசனையே ஆகாது.

"நான் மாத்தறதில்ல, வத்தினா ஊத்துவேன்" என்று சிலர் சொல்கிறார்கள். இது மாற்றுவதாகாது. ஆவியாகப் போவது வெறும் தண்ணீர். உப்பு உள்ளேயே தங்கும். அதன்மேல் நம் ஊர் போர் தண்ணீரை ஊற்ற ஊற்ற உப்பு மேல் உப்பு சேரும். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதை நம் வீட்டுப் பெண்கள் தினம் தேய்க்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள்.

ஊற்றுகிற தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழாயில் வரும் தண்ணீரில் குளோரின் கலக்கிறார்கள். நமக்கு நல்லது, கலக்கத்தான் வேண்டும். ஆனால் மீனின் செவுளை அது சுட்டுவிடும், நுண்ணுயிரையும் கொல்லும். சனிக்கிழமையே அகன்ற பக்கெட்டில் பிடித்துத் திறந்து வைத்து, மறுநாள் ஊற்றினால் பெரும்பாலும் போய்விடும். அவசரம் என்றால் சோடியம் தயோசல்பேட் துளி இருக்கிறது. அந்தக் காலத்தில் போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் 'ஹைப்போ' என்று வைத்திருப்பார்களே, அதேதான். இன்னொன்று, சித்திரை வைகாசியில் மாடி சின்டெக்ஸ் தண்ணீரை மதியம் இரண்டு மணிக்குத் தொட்டுப் பாருங்கள். கை சுடும். அதை அப்படியே மீன் மேல் ஊற்றியவன் நான். பக்கெட்டில் ஓரிரவு இருந்தால் இந்தச் சூடும் இறங்கிவிடும்.

எதிர்க்கட்சிக்கு இருக்கும் ஒரே பலமான சாட்சியத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "ஆறு மாசம் மாத்தவே இல்ல, நல்லா இருந்துது. ஒரு நாள் மாத்தினேன், எல்லாம் போச்சு. அதனால மாத்தறதுதான் தப்பு" என்பார்கள். அனுபவம் உண்மை, அதற்குச் சொல்லும் காரணம் பொய். அம்மோனியாவை நைட்ரேட் ஆக்கும் வேலை நடக்க நடக்கத் தண்ணீர் மெல்லப் புளிப்புப் பக்கம் போகும். புளிப்புத் தண்ணீரில் நுண்ணுயிர் சோர்ந்துபோகும், அம்மோனியா சேரும். ஆனால் புளிப்பில் அது அம்மோனியம் என்ற சாதுவான வடிவில் அடங்கிக் கிடக்கும். திடீரென்று காரத்தன்மையுள்ள போர் தண்ணீரை மொத்தமாக விட்டால், மிச்சமிருக்கும் அம்மோனியம் நிமிஷத்தில் அம்மோனியாவாக மாறும். மீன் அந்த மாலையே மிதக்கும். கொன்றது அன்றைய ஒரு குடம் அல்ல, அதற்கு முந்தைய இருபத்தைந்து வாரம் விட்ட குடங்கள். அப்படிப்பட்ட பழைய தொட்டியை வைத்திருப்பவர்கள் உடனே வீராவேசமாகக் கவிழ்க்க வேண்டாம். தினம் ஒரு சொம்பு, இரண்டு சொம்பு என்று பத்துப் பதினைந்து நாள் மாற்றிப் பழக்கிவிட்டு, பிறகு குடத்துக்கு வாருங்கள்.

மீன் சோர்ந்தால் கடைக்காரர் நீல மருந்து ஒன்று தருவார். மெத்திலீன் நீலம். 1876-ல் ஜெர்மனியில் துணிக்குப் போடும் சாயமாகத்தான் அதைச் செய்தார்கள். பூஞ்சைக்கு அது மருந்துதான், தனிப் பாத்திரத்தில் வைத்துப் போட்டால் நல்லது. தொட்டியிலேயே பத்துத் துளி விட்டால் நல்ல நுண்ணுயிரும் சேர்ந்து சாகும். சாயத் தண்ணீரால் என்ன ஆகும் என்று மஞ்சள்நீர்க் கால்வாய் ஓடும் ஊரில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கடைக்காரர்களை மட்டும் ஏசுவதும் நியாயமில்லை. சென்னை கொளத்தூரில் வண்ணமீன் வளர்த்து விற்றே பிழைக்கும் குடும்பங்கள் எவ்வளவோ இருக்கின்றன. தண்ணீரைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கு எனக்குத் தெரியாது. குஞ்சு பொரிக்கிறவர் தொட்டியைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டிருந்தால் அவர் பிழைப்பு என்னாவது? தெரிந்தது அங்கேயே தங்கிவிடுகிறது, நம்மிடம் வருவது பாலித்தீன் பையும் சோப்புத்தூளும்தான். 2017-ல் மத்திய அரசு மீன்தொட்டிக் கடைகளுக்கென்று விதிகள் போட்டது. வியாபாரிகள் எதிர்த்தார்கள், பிறகு அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த விதிகளில் நடைமுறைக்கு ஒவ்வாதது நிறைய இருந்தது, எதிர்த்தது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் விற்கும்போது ஒரு துண்டுச் சீட்டில் 'கால்பங்கு மட்டும் மாற்றவும், கல்லைச் சோப்பால் கழுவாதீர்' என்று எழுதித் தர எந்த விதி தடுக்கிறது? மிக்சி வாங்கினால் புத்தகம் தருகிறார்கள். உயிரை விற்கும்போது ஒரு சீட்டுக்கு வழியில்லையா?

இதோடு அந்த உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தையும் விற்காமல் இருக்கட்டும். நாலு லிட்டர் தண்ணீர், வடிகட்டி கிடையாது, வாய் வேறு குறுகல். அதற்கு எத்தனை நாளைக்கு ஒரு முறை மாற்றுவது என்று என்னைக் கேட்டால், கிண்ணத்தை மாற்றுங்கள் என்பேன். ரோம் நகரத்தில் 2005-லேயே உருண்டைக் கிண்ணத்தில் மீன் வைக்கக் கூடாது என்று நகரசபை உத்தரவு போட்டது. நம் ஊரில் அதைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கிறோம், பரிசு கொடுத்த வாரத்திலேயே அந்தக் குழந்தைக்கு ஒரு சாவையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

இப்போது என் தொட்டியில் ஐந்தே மீன். ஒன்பது வைக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஐந்தும் இருக்கின்றன, கறுப்பு மீன் உட்பட. கல்லில் லேசாகப் பாசி இருக்கிறது. வருகிறவர்கள் "என்ன சார், தொட்டி கழுவறதில்லயா?" என்று மூக்கைச் சுளிக்கிறார்கள். பேரன்தான் பதில் சொல்கிறான், நான் வாயைத் திறப்பதில்லை. ஞாயிறு காலை குழாயைப் பிடிப்பது அவன் வேலை, குடம் தூக்குவது என் வேலை. எடுத்த தண்ணீரைச் சாக்கடையில் விடுவதில்லை. வாசலில் செம்பருத்திக்குப் போகிறது.

போன வாரம் மார்க்கெட் பக்கம் போனபோது அந்தக் கடைப் பையன் பார்த்துவிட்டான். "என்ன சார், ஆளையே காணோம்? மீன் வாங்க வர்றதே இல்லயே!" என்றான். உண்மையாகவே விசாரித்தான், பாவம். அவன் கடைத் தொட்டியின் பஞ்சு வடிகட்டியைக் காட்டி, இதை எதில் அலசுகிறாய் என்று கேட்டேன். "தொட்டித் தண்ணியிலதான் சார். குழாய்த் தண்ணியில அலசினா மீன் செத்துடும் இல்ல?" என்றான்.